“ஓரமாகத்தான் நிறுத்தினேன்!”

கேள்வி: சம்பள நாளன்று டவுனுக்கு வந்து, மளிகைக்கடை வரிசைக்கு முன்னால் என் இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சாமான் வாங்கப் போனேன். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தால் மோட்டார் சாய்ந்து கிடக்கிறது. கண்ணாடி தூள், கியர் மிதி உள்ளே மடங்கி கியரே விழவில்லை. யார் இடித்தார்கள் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இது இரண்டாவது தடவை. நான் ஓரமாகத்தான் நிறுத்தினேன். வேறு என்னதான் செய்வது?
- தமிழ்ப்பள்ளி சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்யும் வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: அக்கா, “ஓரமாகத்தான்” என்று எழுதியிருக்கிறீர்களே, எந்த ஓரம்? கடை வரிசையில் கார்களெல்லாம் மூக்கைக் கடைப்பக்கம் வைத்து நிற்கும், நாம் “ஒரு நிமிஷம்தானே” என்று ஏதோ ஒரு காரின் வால் பக்கம் மோட்டாரைச் செருகிவிட்டுப் போவோம். நமக்கு அது ஓரம். காரைப் பின்னால் எடுக்கப் போகிற காரோட்டிக்கு அதுதான் வழி.

போன வாரம் இதைச் சோதித்தே பார்த்தேன். மச்சானின் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, என் மோட்டாரை அதன் பின்கதவிலிருந்து ஒரு முழம் தள்ளி நிறுத்தச் சொன்னேன். நடுக்கண்ணாடியில் எதிர்க் கடையின் பெயர்ப்பலகை தெரிந்தது, அதற்கு மேலே வானம் தெரிந்தது, மோட்டார் மட்டும் தெரியவில்லை. பக்கக் கண்ணாடிகள் இரண்டிலும் இல்லை. அவ்வளவு பெரிய மோட்டார், அதுவும் சிவப்பு! சென்சார் இருக்கிறதே என்பீர்கள். அது கத்தும், உள்ளே பாட்டும் கத்தும், எது ஜெயிக்கும் என்று உங்களுக்கே தெரியும். காரோட்டிகளுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை, இறங்கிப் பார்க்காமல் பின்னால் எடுப்பது அவர்கள் தப்புதான். ஆனால் கியர் மிதி மடங்கிய பிறகு தப்பு யாருடையது என்று பேசி என்ன ஆகப் போகிறது?

ஆகவே கார் வாலுக்குப் பின்னால் நிறுத்தவே வேண்டாம். மோட்டாருக்கென்று கட்டம் போட்டிருந்தால் முப்பது தப்படி கூடுதலாக நடந்தாலும் அங்கேயே போங்கள். அதிலும் வரிசையின் கடைசி மோட்டாராக நிற்காதீர்கள், மூலையைச் சுற்றி வருகிற கார் முதலில் உரசுவது அதைத்தான். இரண்டு கார்களுக்கு நடுவே காலியாக இருக்கும் இடத்தில் உள்ளே தள்ளி நிறுத்துவது இன்னும் மோசம். தூரத்திலிருந்து வருகிறவருக்கு அது காலி இடம், சந்தோஷமாக வளைத்து உள்ளே விடுவார். அதற்காகக் கடை வாசலில் ஆட்கள் நடக்கிற ஐந்தடிப் பாதையில் ஏற்றாதீர்கள். நடக்கிறவர்கள் திட்டுவார்கள், சம்மனும் வரும்.

முச்சந்தி மூலையும் வேண்டாம். செம்பனைக் குலை ஏற்றிய லோரி திரும்பும்போது கவனித்திருப்பீர்களே, முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாது, உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதே நேரம் லோரியின் வால் எதிர்ப்பக்கம் வீசும். ஆக, மூலையின் இரண்டு பக்கமும் ஆபத்துதான்.

அப்புறம் ஸ்டாண்டு. சில மோட்டார்கள் யாரும் இடிக்காமலே விழுகின்றன, பழி மட்டும் காரோட்டி மேல் போகிறது. மத்தியான வெயிலில் தார் இளகி ஸ்டாண்டு மெதுவாக இறங்கும், மழை பெய்த செம்மண்ணில் கேட்கவே வேண்டாம். எங்கள் அப்பா சீட்டுக்கு அடியில் ஒரு பால் டின் மூடியைத் தட்டையாக்கி வைத்திருப்பார், ஸ்டாண்டைப் போடும் முன் அதை அடியில் போட்டுவிடுவார். நான் சிரித்திருக்கிறேன், இப்போது என் சீட்டுக்கு அடியிலும் ஒன்று இருக்கிறது. சரிவான இடமாக இருந்தால் மோட்டாரின் மூக்கு மேட்டைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்து நின்றால் முன்னால் உருண்டு ஸ்டாண்டு மடங்கிவிடும். கைக் கிளட்ச் வைத்த மோட்டார் என்றால் முதல் கியரில் போட்டு வையுங்கள்.

கேள்வி: நின்றிருந்த என் மோட்டாரை இடித்தவர் ஓடவில்லை, நல்ல மாதிரியாகத்தான் பேசினார். 50 வெள்ளியைக் கையில் வைத்து “போதும்ல தம்பி?” என்றார், வாங்கிக்கொண்டேன். மறுநாள் ஓட்டினால் ஹேண்டல் ஒரு பக்கமாக இழுக்கிறது. இப்போது போனை எடுக்க மாட்டேன் என்கிறார். இனி வழி உண்டா?
- செம்பனை ஆலையில் வேலை பார்க்கும் வாசகர்

பதில்: தம்பி, 50 வெள்ளி வாங்கியது தப்பில்லை, பார்க்காமல் வாங்கியதுதான் தப்பு. விழுந்த மோட்டாரைப் பார்த்ததும் நாம் ஓடிப்போய்த் தூக்கி நிறுத்துகிறோம், கூச்சம் வேறு. முதலில் கிடக்கிறபடியே நாலு படம் எடுங்கள், இடித்த காரின் நம்பரும் அதில் விழட்டும். தூக்கிய பிறகு பெட்ரோல் வாடை அடிக்கிறதா பாருங்கள், அடித்தால் உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். ஆக்ஸிலேட்டரை முறுக்கி விடுங்கள், தானாகத் திரும்பி வர வேண்டும். முன்னால் நின்று சக்கரத்தை நேராக வைத்துப் பாருங்கள், ஹேண்டலும் நேராக இருக்கிறதா? இல்லையென்றால் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் முறுக்கியிருக்கலாம், வளைந்தும் இருக்கலாம். முறுக்கியது மட்டும் என்றால் நட்டைத் தளர்த்தி நிமிர்த்திவிடுவார்கள், வளைந்திருந்தால் செலவு வேறு கதை. அதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் காசு பேச வேண்டும்.

மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்தில் சம்பந்தப்பட்ட ஓட்டுநர் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் கொடுக்க வேண்டும். நீங்களும் போய் எழுதிக் கொடுத்துவிடுங்கள். நம்மில் பலர் மோட்டாருக்கு எடுப்பது மூன்றாம் தரப்பு இன்சூரன்ஸ்தான், அதில் நம் மோட்டார் ரிப்பேருக்கு நம் கம்பெனி ஒரு காசு தராது. இடித்தவருடைய இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும், அதற்குக் கார் நம்பரும் போலீஸ் ரிப்போர்ட்டும் கட்டாயம் வேண்டும். மஞ்சள் கோட்டில் நிறுத்தியிருந்தீர்கள் என்றால் உங்கள் பேச்சு அங்கே கொஞ்சம் எடுபடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கடையில் கேமரா இருந்தால் இன்றைக்கே போய்க் கேளுங்கள், பழைய பதிவின் மேல் புதுப் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். அதுவரை அந்த ஹேண்டலோடு ஆலைக்கு ஓட்டிப் போகாதீர்கள், லோரி ஓடும் ரோடு அது.

கேள்வி: எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) வீட்டு வாசலில் மோட்டார் நிறுத்துகிற இடத்துக்கு நாற்காலி போட்டு வைக்கலாமா?
- ஒரு குடும்பத் தலைவர்

பதில்: ரோடு நம் தாத்தா வாங்கிப் போட்டதா ஐயா? பக்கத்து வீட்டோடு சண்டைதான் மிச்சமாகும். கேட்டுக்கு உள்ளேயே வையுங்கள், ஆனால் உங்கள் காரின் மூக்குப் பக்கமாக, சுவரை ஒட்டி. வால் பக்கம் வேண்டாம். என் மோட்டாரை இதுவரை மூன்று தடவை இடித்திருக்கிறார்கள், அதில் இரண்டு தடவை விடியற்காலை வேலைக்குக் கிளம்பின என் சொந்தத் தம்பி.