80,000 பார்வை, 11 வாசகர்: ஏஜென்டிடம் பணம் கட்டும் முன் படியுங்கள்

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் உரக்கடை வைத்திருக்கிறேன். மாந்தோப்புக்காரர்களுக்காகச் சனிக்கிழமைதோறும் மின்னஞ்சலில் ஒரு செய்திமடல் அனுப்புகிறேன். 340 பேர் வாங்குகிறார்கள். ஆள் சேர்க்கலாம் என்று சின்ன வீடியோக்கள் போட ஆரம்பித்தேன். யூட்யூப் ஷார்ட்ஸில் ஒன்று 80,000 பார்வை போனது. அதைப் பார்த்து மடலில் சேர்ந்தவர்கள் 11 பேர்தான். ஓசூரில் ஏஜென்ட் ஒருவர், 18,000 ரூபாய் கொடுத்தால் ஒரு லட்சம் பார்வையும் விவசாயிகளின் 5,000 மின்னஞ்சல் முகவரிகளும் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? லைவில் பேசினால் ஆள் வருமா? பயிற்சி முகாம் ஒன்றில் எழுதி வாங்கிய முகவரி நோட்டும் கையில் இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் விற்கிற இரண்டு சரக்கில் ஒன்று வீண். இன்னொன்று, இப்போது உங்கள் மடலை விரும்பி வாங்கும் 340 பேரையும் உங்களிடமிருந்து பிரித்துவிடும்.

முகவரிப் பட்டியலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதுதான் ஆபத்து. இப்படிப்பட்ட பட்டியல்கள் கைமாறிக் கைமாறி வருகின்றன. அதில் இருப்பவர் விவசாயியா, எப்போதோ ஒரு கடையில் பில் போட்டவரா என்று விற்பவருக்கே தெரியாது. அந்த முகவரிகளுக்கு நீங்கள் மடல் அனுப்பினால், செத்துப்போன முகவரிகளிலிருந்து கடிதம் திரும்பி வரும். உயிரோடு இருப்பவர்கள், யார் இவர் என்று, வேண்டாத கடிதம் எனப் புகார் செய்யும் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார்கள். மொத்தமாக அனுப்புகிறவர்களுக்கு கூகுள் 2024 முதல் ஒரு வரம்பு வைத்திருக்கிறது: ஸ்பாம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. அதாவது ஆயிரம் பேரில் மூன்று பேர். வாங்கிய பட்டியலில் அந்த மூன்று பேர் முதல் மடலிலேயே கிடைத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் பழைய வாசகருக்கு அனுப்புவதும் ஸ்பாம் பெட்டிக்குள் போய் விழும். அவர் உங்களை விட்டு விலகவில்லை, மடல்தான் அவர் கண்ணில் படவில்லை. மெயில்சிம்ப் போன்ற, மடலை மொத்தமாக அனுப்பித் தரும் சேவைகள் விலைக்கு வாங்கிய பட்டியலை ஏற்பதில்லை, தெரிந்தால் கணக்கையே முடக்கும். 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதம் எங்கே என்றுதான் கேட்கிறது. பட்டியல் விற்றவர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார். அனுப்பியவர் பெயர் உங்களுடையது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பார்வை ஏற்றித் தருகிறேன் என்பவர்களில் பலர் அடுத்துக் கேட்பது உங்கள் சேனலின் பாஸ்வேர்டை. "நாங்களே அப்லோட் பண்ணிடுறோம் சார், ஓடிபி வந்தா சொல்லுங்க" என்பார்கள். அரூர் பக்கம் எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் நம்பிச் சொன்னார். மறுநாள் அவர் பக்கத்தில் சூதாட்ட ஆப் விளம்பரம் ஓடியது. கணக்கைத் திரும்ப வாங்க அவர் பட்ட பாட்டைப் பார்த்தேன். இவ்வளவு பெரிய கம்பெனிகளில், நடந்ததைச் சொல்லிப் புலம்ப ஒரு மனிதர் கிடைப்பதில்லை. படிவத்துக்கு மேல் படிவம், எல்லாவற்றுக்கும் இயந்திரத்தின் பதில். நீங்களும் ஏற்கெனவே பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு மாற்றுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணுக்கு உடனே அழைத்துப் புகார் கொடுங்கள்.

சரி, 80,000 பார்வை என்ன ஆயிற்று? யூட்யூப் 2025 மார்ச் 31 முதல், ஷார்ட்ஸ் ஓட ஆரம்பித்தாலே அதை ஒரு பார்வை என்று எண்ணுகிறது. இத்தனை நொடி பார்த்திருக்க வேண்டும் என்ற கணக்கு அதில் இல்லை. விரலால் தள்ளிவிட்டுப் போனவரும் அதில் சேர்த்தி. கிருஷ்ணகிரி பைபாஸில் போகிற வண்டிகளை எண்ணிவிட்டு, இத்தனை பேர் என் கடைக்கு வந்தார்கள் என்று சொல்ல முடியுமா? இதற்கும் மேல், வர நினைத்தவருக்கும் வழி இல்லை. 2023 ஆகஸ்ட் 31 முதல் ஷார்ட்ஸின் விளக்கத்திலோ கமென்ட்டிலோ கொடுக்கும் லிங்க்கைத் தொட்டால் திறக்காது. மோசடி லிங்க்குகளைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. உழைத்து எழுதுகிற உங்களைப் போன்றவருக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் கோபம். இந்தத் தடைகளைத் தாண்டி 11 பேர் தேடி வந்திருக்கிறார்கள் என்றால், அவர்கள் நல்ல வாசகர்கள். அவர்களுக்குத் தனியாக ஒரு வரி எழுதி நன்றி சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராமில் முகப்பில் லிங்க் வைக்கலாம், ஸ்டோரியிலும் வைக்கலாம், வீடியோவின் கீழே எழுதினால் வேலை செய்யாது. ஆகவே முகப்பில் ஒரே ஒரு லிங்க் வையுங்கள், அது மடலில் சேரும் பக்கமாக இருக்கட்டும். அந்தப் பக்கத்தில் மின்னஞ்சல் முகவரிக்கு ஒரு கட்டம் போதும். பெயர், ஊர், எத்தனை ஏக்கர் என்று கேட்டால் பாதிப் பேர் திரும்பிவிடுவார்கள். வைத்த பிறகு வேறொருவர் போனில் தொட்டுப் பாருங்கள், திறக்கிறதா என்று.

உங்கள் வாசகர்களிடம் இன்னொரு சிக்கல் உண்டு. நம் பக்கத்துத் தோப்புக்காரர் பலருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது, அது என்ன என்று அவருக்குத் தெரியாது. போன் வாங்கிய அன்று கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. "எனக்கு ஈமெயில் எல்லாம் இல்லீங்க" என்பார். அவர் போனில் ஜிமெயிலைத் திறந்து, மேலே வலது ஓரத்தில் இருக்கும் வட்டத்தைத் தொடச் சொல்லுங்கள். முகவரி அங்கே இருக்கும். இதையே அரை நிமிட வீடியோவாக எடுத்து, உங்கள் பக்கத்தில் முதலில் தெரிகிற மாதிரி வையுங்கள். வேறு எந்த வீடியோவையும் விட இது உங்களுக்கு ஆள் சேர்க்கும் என்பது என் எண்ணம்.

லைவ் பற்றிக் கேட்டீர்கள். ஆள் வருவது அங்கிருந்துதான். என் யோசனை, வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் உரையாடல், அதிலிருந்து வெட்டி எடுத்ததுதான் சின்ன வீடியோ. சந்தூர் நர்சரிக்காரர் ஒருவரைக் கூப்பிடுங்கள். அவரிடம் ஒட்டுச்செடி வாங்கியவர்கள் எல்லோரும் உங்களுக்கு வாசகராக வேண்டியவர்கள். இரவு எட்டு மணிக்கு மேல், முக்கால் மணி நேரம். தோப்பில் உட்கார்ந்தால் பார்க்க நன்றாயிருக்கும், டவர் கிடைக்காது, கடையிலேயே உட்காருங்கள். இரண்டு பேர் இரண்டு போனிலிருந்து இணைவதில் தடுமாற்றம் வந்தால், ஒரே போன் முன்னால் இருவரும் உட்கார்ந்துகொள்ளுங்கள். இன்னொரு போனைக் கடைப் பையனிடம் கொடுத்து, கேள்விகளையும் கேட்டவர் பெயரையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒருவர் கேட்பார்: "போன வருசம் வச்ச செந்தூரா, ஒட்டுக்குக் கீழே துளிர்க்குது, விடலாமா?" நர்சரிக்காரர், அது ஒட்டுக் கட்டிய அடிக்கன்றின் துளிர், விட்டால் ஒட்டு பின்தங்கிவிடும், கிள்ளிவிடுங்கள் என்பார். நீங்கள் அவர் பெயரைச் சொல்லி, எந்த இடத்தில் கிள்ளுவது என்று படத்தோடு சனிக்கிழமை மடலில் போடுகிறேன், சேர்ந்துகொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி சனிக்கிழமை அந்தக் கேள்வியோடுதான் மடல் தொடங்க வேண்டும். கேட்டவர் சேர்வார், அதே துளிரைத் தன் செடியில் பார்த்தவரும் சேர்வார். லைவில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள், ஆகவே பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் மடலின் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். இருபது பேர் இருந்தால் போதும், மனம் தளர வேண்டாம். போனைக் குறுக்காக வைத்து யூட்யூப் லைவ் போனால் விளக்கப் பகுதியில் லிங்க் வைக்கலாம், நிமிர்த்தி வைத்துப் போனால் அங்கேயும் ஷார்ட்ஸுக்கான அதே தடைதான். ஷார்ட்ஸில் தொடர்புடைய வீடியோ என்ற இடத்தில் இந்த லைவைக் கோத்துவிட்டால், பார்ப்பவருக்கு ஒரு வழி கிடைக்கும்.

நிபந்தனைகள் உண்டு. இன்ஸ்டாகிராமில் லைவ் போக 1,000 பேர் பின்தொடர வேண்டும் என்று 2025-இல் ஆக்கிவிட்டார்கள். யூட்யூபில் போனிலிருந்து போக 50 சந்தாதாரர் போதும். முதல் தடவை அனுமதி கிடைக்க ஒரு நாள் வரை ஆகலாம், முந்தின நாளே பொத்தானை அழுத்தி வையுங்கள். லைவ் ஓடும்போது உங்கள் பெயரிலேயே போலிக் கணக்கு திறந்து, மானியம் வாங்கித் தருகிறேன், வாட்ஸ்ஆப்பில் வாருங்கள் என்று கமென்ட்டில் வலை வீசுவார்கள். ஆரம்பத்திலேயே, நான் யாரிடமும் பணமோ ஓடிபியோ கேட்க மாட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.

வெட்டி எடுக்கும் வீடியோ எப்படி இருக்கலாம்? பழ ஈ பொறியைத் திறந்து, உள்ளே விழுந்ததை வெள்ளைத் தாளில் கொட்டுங்கள். கேமராவை அருகே கொண்டுபோங்கள், கறுப்பும் பழுப்புமாகக் குவிந்து கிடக்கும். "இதில கிட்டத்தட்ட எல்லாமே ஆண் ஈ. காயில முட்டை வைக்கிறது பெண் ஈ. அப்புறம் இந்தப் பொறி எதுக்கு?" என்று கேளுங்கள். ஆண் குறைந்தால் பெண் ஈ இணை சேர வழியில்லை என்று பதிலையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். பதிலை ஒளித்துவைத்து, மடலில் பாருங்கள் என்றால் ஜனங்களுக்கு எரிச்சல்தான் வரும். ஏக்கருக்கு எத்தனை பொறி, எந்த வாரம் கட்டுவது, ஈயை உள்ளே இழுக்கும் மருந்துக் கட்டையை எப்போது மாற்றுவது என்பதெல்லாம் மடலுக்கு.

முகவரி நோட்டு. விலைக்கு வாங்கிய பட்டியலுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். அவர்கள் உங்களுக்கு முகம் தெரிந்தவர்கள். ஆனால் முகவரி கொடுத்தது பயிற்சிக்காக, மடலுக்காக அல்ல. ஆகவே அப்படியே பட்டியலில் ஏற்றக் கூடாது. உங்கள் சொந்த முகவரியிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, ஒரே ஒரு தரம் எழுதலாம். எந்த முகாமில் சந்தித்தீர்கள், மடலில் என்ன இருக்கும், வேண்டுமானால் ‘சரி’ என்று பதில் போடுங்கள் என்று மூன்று வரி. எல்லோரையும் ஒரே கடிதத்தில் போட்டு அனுப்பினால் ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரிந்துவிடும், அது கூடாது. பதில் வந்தால் சேருங்கள், வந்த பதிலை அழிக்காமல் வையுங்கள். வராவிட்டால் விட்டுவிடுங்கள். நினைவூட்டல் அனுப்ப உரிமை இல்லை. முகாமில், மடலும் அனுப்புவேன் என்று நீங்கள் சொல்லி, அதே தாளில் அதற்கென்று டிக் போட்டு வாங்கியிருந்தால் மட்டும் நேராகச் சேர்க்கலாம். வாயால் சொன்னேன், தலையாட்டினார்கள் என்றால் அது போதாது. முகாமை நடத்தியது வேறு அமைப்பு என்றால், நோட்டு உங்கள் கையில் இருந்தாலும் அது உங்களுடையது அல்ல. அவர்களைக் கேட்டு, அவர்கள் வழியாகவே செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

எதற்கு மின்னஞ்சல், வாட்ஸ்ஆப்பே போதுமே என்று உங்களிடம் சொல்பவர்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்கு டிக்டாக்கை நினைவுபடுத்துங்கள்: அந்த வீடியோ ஆப் 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் தடையானது. லட்சக்கணக்கில் ஆள் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு அடுத்த நாள் ஒருவரைக்கூடக் கூப்பிட வழியில்லை. மின்னஞ்சல் பட்டியலை உங்கள் கணினியில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். மாதம் ஒரு தரம் இறக்கி வையுங்கள்.

லைவைப் பூ எடுக்கும் தை, மாசியில் ஆரம்பியுங்கள். தத்துப்பூச்சியும் பூ கருகலும் வந்து, தோப்புக்காரரிடம் கேள்வி நிறைய இருக்கும் காலம் அது. காய் பறிக்கும் மே, ஜூனில் அவர் மண்டிக்கும் மாங்கூழ் ஃபேக்டரிக்கும் அலைந்துகொண்டிருப்பார். அப்போது மடல் மட்டும் போகட்டும், லைவ் வேண்டாம்.