விசாரணை அதிகாரி கப்பலேறும்போது

வணக்கம்.

நான் ஒரு அறிவியல் புனைகதைக் குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நெடுந்தூரம் போகும் ஒரு விண்கப்பலில் விபத்து நடக்கிறது. தலைமையகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வருகிறார். அவர் வந்த சில நாட்களிலேயே குழு இரண்டாகப் பிரிகிறது, கேப்டனின் உத்தரவுக்கு மதிப்பு குறைகிறது. இதுவரை எழுதியதைப் படித்த நண்பர்கள், "வருஷக்கணக்காக ஒன்றாக உயிரைப் பணயம் வைத்தவர்கள், ஃபைலோடு வந்த ஒருத்தருக்காக இப்படி உடைவார்களா? நம்ப முடியலை" என்கிறார்கள். அதில் ஒருவர் ஸ்டார் ட்ரெக் தொடரின் 'தி ட்ரம்ஹெட்' அத்தியாயத்தைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அதிலும் எனக்கு ஒரு சந்தேகம். கேப்டன் பிக்கார்டுக்காக உயிரையே கொடுக்கக்கூடிய பாதுகாப்பு அதிகாரி வோர்ஃப், விசாரிக்க வந்த அந்த அட்மிரல் பக்கம் எப்படி அவ்வளவு சீக்கிரம் சாய்ந்தார்? கதையை நகர்த்துவதற்காகச் செய்த வசதி போலத் தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

வோர்ஃபிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் நண்பர்களுக்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் கதை. 1991 ஏப்ரலில் ஒளிபரப்பான அத்தியாயம் அது. பிக்கார்டின் என்டர்பிரைஸ் விண்கப்பலின் எஞ்சின் பகுதியில் ஒரு மூடி வெடித்துச் சிதறுகிறது. கப்பலில் தற்காலிகமாகப் பணியாற்றும், க்ளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனத்து அதிகாரி ஒருவன், எதிரி இனமான ரோமுலன்களுக்கு ரகசியம் கடத்துகிறான் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருக்கிறது. விசாரிக்க அட்மிரல் நோரா சாட்டி வருகிறார். ஓய்வு பெற்றபின் திரும்ப அழைக்கப்பட்டவர், புகழ்பெற்ற நீதிபதியின் மகள். ஒற்றன் அகப்படுகிறான். அத்தோடு அவர் கிளம்பியிருக்கலாம். ஆனால் ஒற்றனுக்கு ஒரு கூட்டாளி இருந்தே ஆகவேண்டும் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் சைமன் டார்சஸ் என்ற இளைஞன் மாட்டிக்கொள்கிறான்.

ஒற்றன் ரகசியம் கடத்திய வழியைக் கண்டுபிடித்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? வோர்ஃப்தான். ஊசி போடும் கருவிக்குள் தகவலை அமினோ அமிலத் தொடராக மாற்றி, யார் உடம்பிலாவது ஏற்றி அனுப்பிவிடும் தந்திரம். ஆக, சாட்டியின் முதல் வெற்றியே வோர்ஃப் கொடுத்ததுதான். அதற்கு அவருக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். உன் அப்பாவை வைத்து உன்மேல் எங்களுக்குத் தயக்கம் இருந்தது, இனி அந்தக் கேள்வியே இல்லை என்று சாட்டியின் தரப்பு அவரிடமே சொல்கிறது.

வோர்ஃபும் க்ளிங்கான்தான். அவருடைய தந்தை மோக், க்ளிங்கான்களின் கிட்டோமர் தளத்தை ரோமுலன்களுக்குக் காட்டிக்கொடுத்த துரோகி என்று க்ளிங்கான் சபை அறிவித்திருக்கிறது. உண்மைத் துரோகி வேறொரு செல்வாக்கான குடும்பத்துக்காரன். அது வெளியே வந்தால் உள்நாட்டுப் போர் வெடிக்கும் என்பதால், வோர்ஃப் பொய்யான அவமானத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொண்டு திரும்பியவர். பிக்கார்டுக்கு இதெல்லாம் தெரியும். பிக்கார்ட் அவரை ஒருநாளும் சந்தேகித்ததில்லை. சந்தேகித்ததில்லை என்பதாலேயே, "நீ துரோகியின் மகன் இல்லை" என்று சான்றிதழ் கொடுக்கும் இடத்திலும் பிக்கார்ட் இல்லை. அதிகாரமுள்ள வெளியாள் ஒருவர்தான் அதைக் கொடுக்க முடியும். சாட்டி கொடுத்தார். அப்புறம் வோர்ஃப் அவர் பின்னால் போனதில் என்ன ஆச்சரியம்?

பிக்கார்டை வெறுத்து அவர் சாட்டி பக்கம் போகவில்லை. கப்பலைக் காப்பாற்றுகிறேன் என்று முழு மனதோடு நம்பித்தான் போகிறார். குற்றமில்லாதவன் எதற்குப் பதில் சொல்லத் தயங்க வேண்டும் என்று பிக்கார்டிடமே வாதாடுகிறார். உங்கள் நண்பர்கள் கற்பனை செய்யும் உடைப்பு எப்படிப்பட்டது என்று யோசியுங்கள். கேப்டன்மேல் வெறுப்பு, கலகம், கத்தல். அது நடக்காது என்று அவர்கள் சொல்வது சரிதான். நிஜத்தில் நடப்பது வேறு. ஒவ்வொருவரும் தன் விசுவாசத்தைக் காட்டிக்கொள்ள இன்னொரு இடம் முளைக்கிறது. கேப்டனைத் தாண்டிய இடம். அங்கே முதலில் போய் நிற்பவர், முன்பே ஒருமுறை சந்தேகத்தால் அடிபட்டவராக இருப்பார்.

இதே தொடரில் இதற்கு நேர் எதிரான உதாரணமும் இருக்கிறது. மூன்று வருடம் முன்னால், 1988-இல் வந்த 'கமிங் ஆஃப் ஏஜ்' அத்தியாயம். டெக்ஸ்டர் ரெம்மிக் என்ற விசாரணை அதிகாரி கப்பலேறி, பிக்கார்டிடம் ஏதோ கோளாறு இருக்கிறது என்று ஒவ்வொருவரையும் குடைகிறார். எல்லோருக்கும் எரிச்சல்தான் வருகிறது. அத்தனை பேரும் கேப்டனைச் சுற்றி இன்னும் இறுக்கமாக நிற்கிறார்கள். கடைசியில் ரெம்மிக்கே, இங்கே குறையென்று ஒன்றுமில்லை, என் பதவிக்காலம் முடிந்ததும் இந்தக் கப்பலிலேயே வேலை பார்க்க ஆசை என்கிறார்! அதே கப்பல், பெரும்பாலும் அதே ஆட்கள். ரெம்மிக்கால் முடியாதது சாட்டியால் எப்படி முடிந்தது? ரெம்மிக் கையில் ஒன்றும் இல்லாமல் வந்தார், மூஞ்சியைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்தார். சாட்டி சிரித்தபடி வந்தார். வந்ததும் நிஜமான ஒரு ஒற்றனைப் பிடித்தும் காட்டினார். ஒருமுறை சரியாகக் கை வைத்தவர் அடுத்தமுறை தப்பாக வைப்பார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. பிக்கார்டுக்கே ஆரம்பத்தில் தோன்றவில்லை.

உங்கள் கதையில் வரும் அதிகாரி எந்த ரகம் என்று கடிதத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. ரெம்மிக் ரகம் என்றால் நண்பர்கள் சொல்வது நியாயம், குழு உடையாது.

சரி, இது டிவி. நிஜத்தில் நடக்குமா என்றால், அமெரிக்கக் கடற்படையின் அயோவா போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 1989 ஏப்ரல் 19. இரண்டாம் எண் பீரங்கி மேடையில், நடு பீரங்கிக்குள் வெடிமருந்துப் பைகளைத் திணிக்கும்போது வெடித்தது. 47 பேர் செத்தார்கள். பதினாறு அங்குலக் குழாய் கொண்ட ராட்சத பீரங்கி, பல பத்தாண்டு பழைய வெடிமருந்து. இயந்திரக் கோளாறா, பயிற்சிக் குறையா, மருந்தா என்று தோண்ட வேண்டிய இடம் எவ்வளவோ இருந்தது. கடற்படையின் புலனாய்வுப் பிரிவு வேறு இடத்தில் தோண்டியது. இறந்துபோன ஒரு மாலுமி தன் இன்சூரன்ஸ் பணத்தைக் கப்பல் நண்பர் ஒருவர் பேருக்கு எழுதிவைத்திருந்தார். அந்தப் பணம் பெற்றோருக்குப் போய்ச் சேரவேண்டும் என்று கேட்டுக் குடும்பத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவ்வளவுதான். இரண்டு ஆண்களுக்கு நடுவில் என்ன உறவு, அது முறிந்ததா, அந்த வெறுப்பில் தற்கொலையாகவே வெடிக்க வைத்தாரா என்று விசாரணை திரும்பிவிட்டது.

அந்தக் கப்பலில் இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். செத்தவர் என்ன படித்தார், யாரோடு சுற்றினார், எப்போதாவது வெடியைப் பற்றிப் பேசினாரா. பல மணி நேரம் குடையப்பட்ட ஒரு இளம் மாலுமி, அவர்கள் எதிர்பார்த்த மாதிரியே ஒரு வாக்குமூலம் கொடுத்தார். கொஞ்ச நேரத்திலேயே அதெல்லாம் பொய், அழுத்தம் தாங்காமல் சொன்னது என்று மறுத்தார். மறுப்பைவிட முதலில் சொன்னதற்குத்தான் எடை இருந்தது. அந்த செப்டம்பரில் கடற்படை, அந்த மாலுமி வேண்டுமென்றே செய்த காரியமாகத்தான் இது இருக்க வேண்டும் என்று அறிவித்தது.

பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் கேள்வி கேட்டது. அமெரிக்க அரசின் சாண்டியா ஆய்வகத்து விஞ்ஞானிகள் தனியாக ஆராய்ந்தார்கள். மருந்துப் பைகளை அளவுக்கு மீறிய வேகத்தில் திணித்தால் தானாகவே வெடிக்கக்கூடும் என்று காட்டினார்கள். 1990 மே மாதம் நடந்த ஒரு சோதனையில் அது நிஜமாகவே வெடித்தது. அதே வருடம் பதவியை ஒப்படைக்கும் விழாவில், கேப்டன் ஃப்ரெட் மூசாலி விசாரணை நடந்த விதத்தைப் பகிரங்கமாகக் குறை சொன்னார். 1991 அக்டோபரில் கடற்படைத் தலைமை அதிகாரி ஃப்ராங்க் கெல்ஸோ அந்த மாலுமியின் குடும்பத்திடம் மன்னிப்புக் கேட்டார். 'தி ட்ரம்ஹெட்' ஒளிபரப்பாகி ஆறு மாதம் கழித்து!

என்டர்பிரைஸின் மூடி ஏன் வெடித்தது என்பதும் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சதி இல்லை. எந்தக் கருவியாலும் கண்டுபிடிக்க முடியாத உலோகத் தளர்ச்சி. ஆனால் இந்த உண்மை கதையின் கடைசியில் வருவதில்லை, நடுவிலேயே வந்துவிடுகிறது. விபத்துதான் என்று சாட்டிக்கும் அவர் உதவியாளருக்கும் தெரியும். தெரிந்த பிறகுதான், மருத்துவப் பிரிவிலிருந்து எடுத்த ரசாயனம்தான் மூடியை அரித்தது என்று உதவியாளர் டார்சஸிடம் கூசாமல் புளுகுகிறார். பையன் நடுங்கும் நேரம் பார்த்து அடுத்த கேள்வி. உன் தாத்தா வல்கன் (நட்பு இனத்தவர்) என்று விண்ணப்பத்தில் எழுதினாயே, உண்மையில் அவர் ரோமுலன்தானே? பக்கத்தில் வழக்குரைஞராக உட்கார்ந்திருக்கும் துணைக் கேப்டன் ரைக்கர் சொன்னபடி அவன் பதில் சொல்ல மறுக்கிறான். வெடிவிபத்து எங்கோ போய்விட்டது. இப்போது விசாரணையில் இருப்பது ஒரு தாத்தா.

உங்கள் குறுநாவலுக்கு நான் சொல்லக்கூடிய உருப்படியான யோசனை இது ஒன்றுதான். விபத்தின் காரணத்தைக் கடைசி அத்தியாயத்துக்கு ஒளித்துவைக்காதீர்கள். பாதியிலேயே போட்டு உடையுங்கள். விபத்துதான் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் விசாரணை நிற்காமல் போனால்தான் வாசகருக்கு வயிற்றைக் கலக்கும்.

கேப்டனைப் பற்றி ஒரு வார்த்தை. பிக்கார்ட் டார்சஸைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, குற்றச்சாட்டைப் பற்றி ஒன்றும் கேட்காமல், உன்னைப் பற்றிச் சொல் என்கிறார். செவ்வாய்க் காலனியில் வளர்ந்ததை, சின்ன வயசிலிருந்து ஸ்டார்ஃப்ளீட் என்ற விண்படையே கனவாக இருந்ததை, அகாடமியில் சேர்ந்து அதிகாரியாகக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் நேராகப் பணியில் சேர்ந்ததை அவன் சொல்கிறான். இந்த ஒரு உரையாடல் அந்த அத்தியாயத்தின் பெரிய பேச்சுகளைவிட எனக்குப் பிடித்தது. கடைசியில் சாட்டி பிக்கார்டையே கூண்டில் ஏற்றுகிறார். அங்கே பிக்கார்ட் சாட்டியின் அப்பா எழுதியதையே அவருக்குத் திருப்பிச் சொல்ல, அவர் நிதானம் இழந்து கத்தும் காட்சியைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். எனக்கு அது கொஞ்சம் அதிகம். அந்த மாதிரி அட்மிரல்கள் நிஜத்தில் அவ்வளவு சுலபமாகக் கத்த மாட்டார்கள்.

கூண்டுக் காட்சியில் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. போர்க் என்ற எதிரியிடம் பிக்கார்ட் சிறைப்பட்டபோது 39 கப்பல்கள் அழிந்ததை, கிட்டத்தட்ட 11,000 பேர் செத்ததை சாட்டி அவர் முகத்துக்கு நேரே எண்ணிக் காட்டுகிறார். அதே விசாரணையில் வோர்ஃப் கேப்டனுக்காக எழுந்து பேசுகிறார். உடனே சாட்டியின் உதவியாளர் எதை எடுக்கிறார் தெரியுமா? அவருடைய அப்பாவை. கொடுத்த சான்றிதழ் அந்த நொடியே ரத்து.

விசுவாசத்தைக் கண்காணிக்கவென்றே கப்பலில் ஒருவரை நிரந்தரமாக உட்கார வைப்பதும் உண்டு. சோவியத் கடற்படையில் ஒவ்வொரு போர்க்கப்பலிலும் அரசியல் அதிகாரி இருந்தார். 1975 நவம்பரில், ரிகா துறைமுகத்தில் நின்ற ஸ்டோரோஷெவோய் என்ற கப்பலில் கேப்டனைக் கீழ்த்தளத்தில் பூட்டிவிட்டுக் கலகம் செய்தவர் யார் தெரியுமா? அந்த அரசியல் அதிகாரியே. பேர் வலேரி சப்லின். மறு வருடம் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். இது உங்கள் கதைக்கு நேராக உதவாது. ஆனால் இரண்டாம் பாகம் எழுதும் எண்ணம் இருந்தால் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் குழுவில் வோர்ஃப் யார் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அவருக்குப் பழைய காயம் என்ன, அது கேப்டனுக்கு எவ்வளவு தெரியும் என்பதை அதிகாரி வருவதற்கு முந்தைய பக்கங்களிலேயே, போகிற போக்கில் வைத்துவிடுங்கள். திருத்தி எழுதியதும் அதே நண்பர்களிடம் கொடுங்கள். வேறு யாரிடமும் கொடுக்க வேண்டாம், அவர்கள் கேட்ட கேள்வி நல்ல கேள்வி.

அன்புடன்.