பிஞ்சு உதிர்கிறதே, கிளையை வெட்டலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்தில் வீட்டுக்குப் பின்னால் 3 சென்ட் இடம் இருக்கிறது. 7 வயதான செந்தூரா மாமரம் ஒன்று, ஒரு கொய்யா. தை மாதம் மா நன்றாகப் பூத்தது. இப்போது பட்டாணி அளவுப் பிஞ்சுகள் தினமும் கொட்டுகின்றன. வசந்த காலத்தில் மரங்களைக் கவாத்து செய்து தக்காளி நட வேண்டும் என்று யூடியூபில் பார்த்தேன். செய்யலாமா?

பதில்: மாமரத்தின் பக்கம் கத்தரிக்கோலோடு போகாதீர்கள், அம்மா. நீங்கள் பார்த்தது குளிர்நாட்டுக்காரர் வீடியோவாக இருக்கும். அங்கே மரமெல்லாம் மொட்டையாக நிற்கிற நேரத்தில் வெட்டுகிறார்கள். நமக்கு மாசி, பங்குனி என்றால் வெயில் ஏறுகிற காலம், மரத்தில் காய் பிடிக்கிற காலம். மா கிளை நுனியில்தான் காய்க்கும். இப்போது நுனியை வெட்டினால் இந்த வருட மாங்காயையே வெட்டியதாகும். அறுப்பு முடிந்து ஆடி, ஆவணியில் காய்ந்த கிளை, உள்ளே நெருங்கிய கிளைகளை எடுத்தால் போதும்.

பிஞ்சு உதிர்வதைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கும், பெரும்பாலானவை ஆண் பூக்கள். கொத்துக்கு ஒன்றிரண்டு காய் நின்றாலே நல்ல விளைச்சல்தான். மீதியை மரமே கழித்துவிடும். ஆனால் மண் காய்ந்து கிடந்தால் நிற்க வேண்டியதும் உதிரும். பூக்கிற சமயத்தில் தண்ணீரைக் குறைப்பது சரி, பிஞ்சு பிடித்த பிறகும் அப்படியே விடக்கூடாது. வாரம், பத்து நாளுக்கு ஒரு முறை நன்றாக ஊறும்படி விடுங்கள். அடிமரத்தில் ஊற்றிப் பயனில்லை. உச்சி வெயிலில் மரத்தின் நிழல் முடிகிற இடத்தில் வட்டப் பாத்தி எடுத்து அதில் விடுங்கள். மேலே கேழ்வரகுத் தாளோ மா இலைச் சருகோ கனமாகப் போட்டு மூடாக்கு அமையுங்கள். போர்வெல் தண்ணீர் குறைகிற பங்குனியில் அதன் அருமை தெரியும்.

இலைகள் பிசுபிசுத்து, கறுப்பு படிந்திருந்தால் தத்துப்பூச்சி வேலை. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைக் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு கலக்கி, சாயங்காலம் தெளியுங்கள். பூ இன்னும் விரிந்திருக்கும் கொத்தில் மட்டும் வேண்டாம். மகரந்தச் சேர்க்கை செய்யும் ஈக்களும் அங்கேதான் இருக்கும்.

கொய்யா விஷயம் வேறு. அது புதுத் தளிரில் பூக்கும். மாசியில் நுனிக் கிளைகளை அரை அடி அளவுக்கு வெட்டிவிடலாம். ஆசைக்குக் கத்தரிக்கோலை அங்கே எடுங்கள்!

தக்காளியை இப்போது நடுவதை நான் விரும்பவில்லை. ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கம் தக்காளி விளைகிற ஊர்தானே என்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், வெள்ளை ஈ வந்தால் இலை சுருளும். வீட்டுத் தோட்டத்தில் அதோடு மல்லுக்கட்டுவானேன்? ஆடிப் பட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெண்டை, கொத்தவரை, காராமணி விதையுங்கள். வெண்டை விதையை ராத்திரி ஊறவைத்து, காலையில் ஊன்றினால் 45 நாளில் காய் பறிக்கலாம். இலை நரம்பு மஞ்சளாக வலை போலத் தெரிகிற செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள், அது பிழைக்காது. பக்கத்துச் செடிக்கும் பரவும். தண்ணீர் மிச்சமிருந்தால் ஓரமாக ஒரு பாத்தி தண்டுக்கீரை.

அப்புறம், மாங்காய் பருக்கத் தொடங்கியதும் பழ ஈப் பொறி ஒன்றைக் கிளையில் தொங்கவிடுங்கள். கீழே விழும் சொத்தைக் காய்களை அப்படியே விடாமல் பொறுக்கி, ஆழமாகப் புதைத்துவிடுங்கள்.