புத்தகப் பையில் நோட்டு இல்லை, இலைதான் இருக்கிறது

மதுரையிலிருந்து ஆகஸ்டில் கனடாவின் டொரண்டோ நகரிலுள்ள ஸ்கார்பரோவுக்குக் குடிவந்த ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, என் மகளுக்கு நாலரை வயது. ஊரில் எல்கேஜி முடித்து, ஐம்பது வரை எழுதிக்கொண்டிருந்தாள். இங்கே ஜேகேயில், அதாவது ஜூனியர் கிண்டர்கார்ட்டனில், சேர்த்திருக்கிறோம். இரண்டு மாதமாக இலை பொறுக்குகிறாள், பூசணிக்காயைக் குடைகிறாள், சேறும் சகதியுமாக வீட்டுக்கு வருகிறாள். ஒரு நோட்டுகூட இல்லை. பின்தங்கிவிடுவாளா? காசு கட்டி வேறு பள்ளிக்கு மாற்றட்டுமா?"

தம்பி, மாற்றாதீர்கள். பதினான்கு வருடத்துக்கு முன் நானும் இதே பயத்தோடு, தூங்கப்போகும் பெரியவனை இழுத்து உட்கார வைத்து நாலுகோடு நோட்டில் எழுத வைத்தவள். அது அவனுக்குக் கொடுத்தது அழுகை மட்டும்தான்.

நம் மாகாணமான ஒன்ராறியோவில் இப்போதுள்ள முழுநாள் கிண்டர்கார்ட்டன் 2010-ல் தொடங்கி 2014-க்குள் எல்லா அரசுப் பள்ளிகளுக்கும் வந்தது. விளையாட்டு வழியாகப் படிப்பதுதான் அதன் திட்டமே. அதனால்தான் பெரும்பாலான வகுப்புகளில் ஆசிரியரோடு குழந்தைக் கல்வி படித்த இன்னொருவரும் இருக்கிறார். சரி, பூசணிக்காயைக் குடைவதில் என்ன படிப்பு என்கிறீர்களா? ஒரு அக்டோபரில் உதவிக்கு ஆள் கேட்டார்கள் என்று நான் வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன்.

ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு மஞ்சள் பூசணி. முதலில் ஆளுக்கொரு கம்பளி நூல். காயைச் சுற்றிவர எவ்வளவு நூல் வேண்டும் என்று கண்ணாலேயே பார்த்து வெட்டிக்கொள்ள வேண்டும். என் மகன் வெட்டிய நூல் ஒரு சாண் குறைந்தது. இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு, சேராத அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றான். தப்பு என்று யாரும் சொல்லவில்லை. அவனாகப் போய் இன்னொரு நூல் வெட்டி வந்தான். இந்த முறை நான்கு விரல் மிச்சம்.

அப்புறம் மூடியை வெட்டிக் கொடுத்தார்கள். உள்ளே இருக்கும் நாரையும் விதையையும் தொட ஒரு சிறுமிக்கு அருவருப்பு. ஆசிரியை வற்புறுத்தாமல் ஒரு கரண்டியைக் கையில் கொடுத்தார். கால்மணி நேரத்தில் அவள் முழங்கை வரை உள்ளே விட்டிருந்தாள். விதைகளைக் கழுவி, பத்துக் குழியாக வெட்டிய முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்தார்கள். அட்டை நிறைந்தால் ஒரு பத்து. அந்தப் பத்தைக் குவித்து வைத்துவிட்டு அடுத்த பத்து. உங்கள் மகளுக்கு ஐம்பதை எழுதத் தெரியும். ஐம்பது என்பது எவ்வளவு பெரிய குவியல் என்று அவள் கைக்குத் தெரிவது இங்கேதான். கடைசியில் இன்னொரு முழுப் பூசணியைத் தண்ணீர்த் தொட்டியருகே தூக்கி வந்து, "மிதக்குமா, மூழ்குமா?" என்று கேட்டார்கள். அத்தனை பேரும் மூழ்கும் என்றார்கள். மிதந்தது. ஏன் என்று கேட்டதும், காலியாகக் கிடந்த பழைய காய்க்குள் எட்டிப் பார்த்தான் ஒரு பையன்.

கோல்ஃப் பந்தைத் தூக்கி வைக்கும் சின்ன மரக்குச்சிகளைப் பூசணியில் சுத்தியலால் அடித்து இறக்குவதும் உண்டு. பார்க்க வெறும் விளையாட்டு. ஆனால் குச்சியைப் பிடிக்கும் அந்த விரல்கள்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கப் போகிறவை.

இலைக்கு வருகிறேன். நரம்பு மேலே தெரியும்படி இலையை வைத்து, தாளை மூடி, கிரேயானைப் படுக்க வைத்துத் தேய்த்தால் நரம்பெல்லாம் எழும்பி வரும். அதை அவள் காட்டும்போது "அழகா இருக்கு" என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். பேசுங்கள், தமிழிலேயே பேசுங்கள். வீட்டு மொழியை விடாதீர்கள் என்று என்னிடம் சொன்னதே ஆசிரியைதான். இப்படிச் சொல்லலாம்: பச்சை நிறம் இலையின் சமையல்காரன். பகல் குறுகக் குறுக அவன் கடையைக் கட்டுகிறான். அடியில் ஏற்கெனவே இருந்த மஞ்சள் அப்போது தெரிகிறது. மேப்பிளின் சிவப்பு மட்டும் இந்தக் காலத்தில் புதிதாக உண்டாவது. நாலரை வயதுக்கு இவ்வளவு போதும்.

பையில் வருவதைக் கேட்காமல் தூக்கிப் போடாதீர்கள். நான் போட்டேன். ஓக் மரத்துக் கொட்டைகளை, இங்கே ஏக்கார்ன் என்பார்கள், என் மகன் ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தான். உள்ளே வெள்ளைப் புழு நெளிந்ததும் அப்படியே குப்பையில் கொட்டிவிட்டேன். அவன் அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. அந்த வாரம் வகுப்பில் அதே புழுவைப் பூதக்கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள். கொட்டைக்குள் வளர்ந்து, ஓட்டை போட்டு வெளியே வந்து, மண்ணுக்குள் போய் வண்டாகும் புழு அது. வீட்டிலும் அது வெளியே வரும் என்று காத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. தூறலிலும் வெளியே விடுவார்கள். நீர் புகாத பேண்ட், ரப்பர் பூட்ஸ், மாற்று சாக்ஸ் இரண்டு ஜோடி, வகுப்புக்குள் போட வெல்க்ரோ ஷூ. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள். இது சரியாக இருந்தால் சேற்றைப் பார்த்து உங்களுக்கும் கோபம் வராது.

பிற்பாடு வாசிப்பில் தடுமாறினால் யாரும் கவனிக்க மாட்டார்களோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கும். 2023 முதல், ஜேகேக்கு அடுத்த வகுப்பான எஸ்கேயிலிருந்து இரண்டாம் வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் வாசிப்புத் திறனைச் சோதிப்பது கட்டாயம். இப்போது வரும் முதல் அறிக்கையில் மார்க்கோ ரேங்க்கோ இருக்காது, கவனித்ததை எழுதியிருப்பார்கள். பிள்ளையை விடும் நேரத்தில் வாசலில் நின்று கேட்காமல், நேரம் வாங்கிக்கொண்டு போங்கள். "எப்போது எழுதுவாள்?" என்பதைவிட, "எதைத் தேடிப் போய் விளையாடுகிறாள், எங்கே தயங்குகிறாள்?" என்று கேளுங்கள். நிறையச் சொல்வார்கள்.

இந்தச் சனிக்கிழமை வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் மார்னிங்சைட் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். இந்தப் பருவத்தில் ஹைலண்ட் கிரீக் ஓடையில் சால்மன் மீன்கள் முட்டையிட ஒன்ராறியோ ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வரும், கரையில் நின்றே பார்க்கலாம். அவளுக்கு அந்த பூட்ஸைப் போட்டுவிடுங்கள்.