தோக்குற டீமை கட்டிக்கிட்டு அழுறது எப்படி: ஓரியோல்ஸ் ரசிகன் பதில் சொல்றேன்

அமெரிக்காவுல பால்டிமோர் பக்கம் குடியிருக்கேன். எங்க ஊர் பேஸ்பால் டீம் ஓரியோல்ஸ் 2018ல 115 மேட்ச், 2019ல 108, 2021ல 110னு தோத்ததை எல்லாம் உக்காந்து பாத்தவன் (2020 கொரோனா வருஷம், மொத்தமே 60 மேட்ச் தான், அதுல தப்பிச்சோம்). அந்த ஒரே தகுதில தான் பதில் சொல்றேன், நிபுணர்னு எல்லாம் கூப்பிடாதீங்க.

கேள்வி: அண்ணே, எங்க டீம்ல நல்லா ஆடுறவனை எல்லாம் தள்ளிவிட்டுட்டு ரீபில்டு, அதாவது டீமை புதுசா கட்டுறோம்ங்கிறாங்க. வேணும்னே தோக்குறது தானே இது?

களத்துல இறங்குற எவனும் வேணும்னு தோக்க மாட்டான் தம்பி, அவன் பொழப்பே அதுல தான் இருக்கு. மேல ஆபீஸ்ல இருக்கிறவங்க தான் இந்த வருஷம் ஜெயிக்க காசு போட மாட்டாங்க. கணக்கு என்னன்னா, ஒரு பையன் மேஜர் லீக்குக்கு (இங்க பேஸ்பால்ல உச்ச லீக்) வந்தா ஆறு வருஷ சர்வீஸ் முடியிற வரைக்கும் அவன் உங்க டீமுக்கு தான், முதல் சில வருஷம் சம்பளமும் கம்மி. அதனால காண்ட்ராக்ட் முடியப்போற ஸ்டாரை குடுத்துட்டு கீழ்மட்ட மைனர் லீக்ல வளர்ற பசங்களா வாங்கிப் போடுவாங்க, கடைசி இடத்துல இருந்தா டிராஃப்ட்ல (டீமுங்க வரிசையா புதுப் பசங்களை எடுக்குறது) முதல் ஆளா எடுக்கலாம்னு ஒரு ஆசை வேற. ஹூஸ்டன் 2011ல இருந்து மூணு வருஷம் 106, 107, 111னு தோத்து 2017ல வேர்ல்ட் சீரிஸ் கப் அடிச்சாங்க (எதிர் டீம் கேட்சரோட சைகையை திருடுன கதை அப்புறமா வெளிய வந்துச்சு, அது தனி பஞ்சாயத்து), உடனே ஆளாளுக்கு அதே வழில கிளம்பிட்டாங்க. எங்க அப்போதைய ஓனரும் 2018 கடைசில ஹூஸ்டன் ஆபீஸ்ல இருந்த மைக் இலையஸையே எங்க டீமை நடத்த கூட்டிட்டு வந்துட்டாரு.

இப்ப அந்த வழிய கொஞ்சம் அடைச்சுட்டாங்க. 2023 டிராஃப்ட்ல இருந்து முதல் ஆறு இடத்துக்கு குலுக்கல் தான். சிகாகோ ஒயிட் சாக்ஸ் பாவம் 2024ல 121 மேட்ச் தோத்துச்சு, 1900க்கு அப்புறம் யாருமே ஒரு சீசன்ல அவ்ளோ தோத்ததில்ல, ஆனா அதுக்கு முந்தின வருஷமே குலுக்கல்ல இடம் வாங்கிட்டதால 2025ல பத்தாவது இடம் தான் கிடைச்சுது.

கேள்வி: அதெல்லாம் சரி. தினமும் தோக்குறதை எப்படி பாக்குறது? ஆறாவது இன்னிங்ஸ்லயே டிவிய அணைச்சுடுறேன்.

ஸ்கோரை விட்டுட்டு ஒரு ஆளை புடிச்சுக்கோங்க. நான் புடிச்சது செட்ரிக் மலின்ஸ். 2015 டிராஃப்ட்ல 13வது ரவுண்டுல வந்தவன், ரெண்டு கையிலயும் பேட் பண்ணிட்டு இருந்தான், 2019ல சுத்தமா அடிக்க முடியாம கீழ அனுப்பிட்டாங்க. 2021ல வலது பக்கம் நின்னு அடிக்கிறதையே விட்டுட்டு இடது பக்கம் மட்டும்னு முடிவு பண்ணான். அந்த வருஷம் 30 ஹோம்ரன், 30 ஸ்டீல் (பந்து போடுற நேரத்துல ஓடி அடுத்த பேஸை திருடுறது), ஓரியோல்ஸ்ல அதுக்கு முன்னாடி ஒருத்தன் கூட பண்ணதில்ல. டீம் 110 தோத்த வருஷம் அது! டேபிள்ல கடைசி வரிய மட்டும் பாத்தவனுக்கு இது தெரியவே தெரியாது.

அதே வருஷம் மே 5, புதன்கிழமை. மேட்ச் சியாட்டில்ல, நமக்கு சாயங்காலம் நாலு மணி வாக்குல. வேலை வீட்டுல இருந்து தான், மீட்டிங்ல கேமராவை அணைச்சுட்டு போனை கீபோர்டு மேல சாச்சு வச்சிருக்கேன், எங்க ஜான் மீன்ஸ் பந்து போடுறான், போடுறான், ஒருத்தனும் அடிக்கல. மூணாவது இன்னிங்ஸ்ல ஒருத்தன் ஸ்ட்ரைக் அவுட் (மூணு ஸ்ட்ரைக் வாங்கி அவுட்) ஆகியும் பந்து கேட்சர் கையில நிக்காம ஓடிடுச்சு, அவன் முதல் பேஸுக்கு ஓடிட்டான், அப்புறம் ரெண்டாவது பேஸை திருடப் போய் மாட்டிக்கிட்டான். அவ்ளோ தான், மொத்தம் 27 பேர், நோ ஹிட்டர் (எதிர் டீமுக்கு ஒரு ஹிட் கூட இல்லாத மேட்ச்), அந்த ஒரு பந்து நழுவலன்னா ஒருத்தனும் பேஸுக்கே போகாத பெர்ஃபெக்ட் கேம். எங்க டீம்ல ஒரே ஆள் முழுசா போட்ட நோ ஹிட்டர் 1969ல ஜிம் பால்மருக்கு அப்புறம் இது தான். மீட்டிங்ல என்ன பேசுனாங்கன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்கு தெரியாது.

ஆகஸ்ட்ல தொடர்ந்து 19 தோல்வி. இருபதாவது மேட்ச் ஏஞ்சல்ஸ் டீமோட, பந்து போடுறது அவங்க சூப்பர் ஸ்டார் ஒட்டானி. சரி இன்னிக்கும் போச்சுன்னு உக்காந்தா 10க்கு 6ல ஜெயிச்சுட்டாங்க, கப் அடிச்ச மாதிரி கத்துனேன்.

கேள்வி: எனக்கு உயிரான ப்ளேயரை வேற டீமுக்கு ட்ரேட் பண்ணிட்டாங்க. ஜெர்சிய என்ன பண்றது அண்ணா?

போட்டுக்கோம்மா, அதுக்கென்ன. எங்க ஸ்டார் மச்சாடோவை 2018 ஜூலைல டாட்ஜர்ஸ் டீமுக்கு அனுப்பினப்ப எனக்கு கோபம் தான் வந்துச்சு, அழுகை வரல. 2022ல ட்ரே மான்சினியை அனுப்பினப்ப வந்துச்சு. குடல் கேன்சர் வந்து 2020 முழுக்க ஆடாம திரும்பி வந்தவன், மோசமான வருஷம் அத்தனையும் எங்க கூடவே தோத்தவன். கடைசி ஹோம் மேட்ச்ல அவன் தூக்கி அடிச்சதை ரைட் ஃபீல்டுல நின்னவன் வெயில்ல தவறவிட்டு, பந்து அவன் மூஞ்சில பட்டு எங்கயோ உருண்டு போச்சு, மான்சினி நாலு பேஸும் ஓடி வந்துட்டான். அந்த ட்ரேட் கணக்குப்படி சரியாவே இருக்கட்டும். எனக்கு இன்னும் மனசு ஆறல, ஆறணும்னு அவசியமும் இல்ல.

கேள்வி: இது நிஜ ரீபில்டா, ஓனர் காசு மிச்சம் பிடிக்கிறாரான்னு எப்படி கண்டுபிடிக்கிறது?

மைனர் லீக்கை பாருங்க. பக்கத்துல போவிங்கிற ஊர்ல எங்க டபுள் ஏ டீம் (மேஜர் லீக்குக்கு ரெண்டு படி கீழ) இருக்கு, 2021ல அட்லி ரட்ச்மேன், 2022 தொடக்கத்துல கன்னர் ஹெண்டர்சன்னு ஆடிட்டு இருந்தாங்க, வேலி பக்கத்துல நின்னு பாக்கலாம், அப்பவே தெரிஞ்சுது ஏதோ வருதுன்னு. மூணு நாலு வருஷம் தோத்தும் கீழ இருந்து யாருமே வரலன்னா அது ரீபில்டு இல்ல, கஞ்சத்தனம்.

கேள்வி: வேற டீமுக்கு மாறிடவா?

மாறுங்க, யாரும் கேஸ் போட மாட்டாங்க. எங்க பரம வைரி யாங்கீஸுக்கு மட்டும் வேணாம்.

கேள்வி: இவ்ளோ பொறுத்தா கப் உறுதியா?

இல்லவே இல்ல. 2023ல 101 ஜெயிச்சோம், பிளேஆஃப்ல (சீசன் முடிஞ்சு கப்புக்கு நடக்குற நாக்அவுட்) டெக்சாஸ் டீம் 3-0ன்னு ஊதித் தள்ளிட்டாங்க. 2024ல கேன்சஸ் சிட்டி எங்களை 2-0ன்னு வெளிய தள்ளுச்சு. 2025ல மே மாசமே மேனேஜரை வீட்டுக்கு அனுப்பியும் 75 ஜெயம் 87 தோல்வி. கப் கிடைச்சா தான் பொறுத்ததுக்கு அர்த்தம்னா இப்பவே விட்டுடுங்க, எங்களுக்கு கடைசி கப் வந்தது 1983ல.

கேள்வி: பையனுக்கு ஏழு வயசு. தோக்குற டீம் மேட்சுக்கு கூட்டிட்டு போனா மனசு உடைஞ்சுடாதா?

அக்கா, தோக்குற வருஷம் தான் கூட்டிட்டு போகணும். கூட்டம் இருக்காது, டிக்கெட் சல்லிசு. எங்க ஸ்டேடியம் கேம்டன் யார்ட்ஸ்ல தேசிய கீதம் பாடுறப்ப கடைசி பக்கம் ஒரு இடத்துல மொத்த ஸ்டேடியமும் "ஓ!"ன்னு கத்தும், ஓரியோல்ஸுக்கு ஓ, பையன் வீடு வர்ற வரைக்கும் அதையே கத்திட்டு வருவான், ஸ்கோர் கேட்டா தெரியாதும்பான். வெளிச் சாப்பாடும் உள்ள விடுவாங்க, நாங்க புளியோதரை கட்டிட்டு தான் போவோம். ஊறுகாயை மட்டும் கண்ணாடி பாட்டில்ல எடுத்துட்டு போகாதீங்க, கேட்லயே நிப்பாட்டிடுவாங்க.