கடத்தலுக்கு யார் கணக்குச் சொல்ல வேண்டும்?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் 2012-இல் சிகரெட்டுக்குக் கம்பெனியின் சின்னமும் வண்ணமும் இல்லாத மொட்டைப் பாக்கெட் சட்டப்படி வந்தது. இன்று மெல்பர்னில் கடத்தல் சிகரெட் கிடைக்காத தெரு இல்லை. நேர்மையாகக் கடை நடத்தும் என் மைத்துனர் வியாபாரத்தை இழந்து நிற்கிறார். ‘போலி அடிப்பவனுக்கு வசதியான பாக்கெட்டைச் சட்டமே அச்சடித்துக் கொடுத்துவிட்டது, பழைய வண்ணப் பாக்கெட் திரும்பினால் கடத்தல் அடங்கும்’ என்று சிகரெட் கம்பெனிக்காரர்கள் சொல்லிவருவது நியாயம்தானே?
— ஒரு வாசகர், மெல்பர்ன்

பதில்: நியாயமில்லை. உங்கள் மைத்துனரின் நஷ்டம் உண்மையானது என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. 2023 மார்ச் முதல் மெல்பர்னிலும் சுற்றுப்புறங்களிலும் கடத்தல் சிகரெட் கும்பல்களின் போட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளுக்குத் தீ வைக்கப்பட்டிருக்கிறது. 2019-20-இல் சுமார் 1,600 கோடி டாலராக இருந்த ஆஸ்திரேலியாவின் புகையிலைத் தீர்வை வருவாய், 2024-25-இல் பாதிக்கும் கீழே போய்விட்டது. ஆனால் இந்தப் பழியைப் பாக்கெட்டின் மீது போடுவதை, அதுவும் கம்பெனிகளின் வாய்ச்சொல்லை நம்பிப் போடுவதை, இந்தப் பக்கத்தில் என்னால் ஏற்க முடியாது.

மைத்துனர் கடையில் சட்டப்படி விற்கும் ஒரு பாக்கெட்டை வாங்கிப் பாருங்கள். அது மொட்டையாக இருக்காது. முன்பக்கத்தில் முக்கால் பங்கும் பின்பக்கத்தில் பத்தில் ஒன்பது பங்கும் நோயின் வண்ணப் புகைப்படமும் எச்சரிக்கையும் நிறைந்திருக்கும். மிச்ச இடத்தில், புகைப்பவர்களுக்கு எந்த நிறம் அருவருப்பூட்டும் என்று ஆய்வு செய்து தேர்ந்தெடுத்த, பளபளப்பில்லாத மங்கிய கரும்பழுப்பு. முதலில் அதை ‘ஆலிவ் பச்சை’ என்றுதான் அழைத்தார்கள். எங்கள் விளைபொருளுக்குக் கெட்ட பெயர் வருகிறதென்று ஆலிவ் விவசாயிகள் சங்கம் முறையிட்ட பிறகு பெயரை மாற்றினார்கள். கம்பெனியின் பெயர் எல்லாப் பாக்கெட்டிலும் ஒரே எழுத்துருவில், ஒரே அளவில் இருக்கும். இதை அச்சடிக்கப் பழைய பாக்கெட்டைவிடக் குறைந்த வேலை என்று சொல்ல முடியாது. போலி அச்சடிப்பவன் எந்தப் பாக்கெட்டையும் அடிப்பான். பிரிட்டனில் இதே கேள்வியை அரசுக்காக ஆராய்ந்த குழந்தை மருத்துவர் சிரில் சாண்ட்லர், இந்தப் பாக்கெட்டால் கடத்தல் பெருகும் என்ற கம்பெனிகளின் வாதம் தன்னை நம்பவைக்கவில்லை என்று 2014-இலேயே எழுதிவிட்டார்.

அடுத்ததாக, கடத்தி விற்கும் பாக்கெட்டையும் பாருங்கள். அது பெரும்பாலும் கரும்பழுப்புப் பாக்கெட்டின் போலியாக இருக்காது. சீனத்து ‘டபுள் ஹேப்பினஸ்’, அமீரகத்திலிருந்து வரும் ‘மான்செஸ்டர்’ என்று, அயல்நாட்டில் தயாரான சிகரெட் தன் சொந்த வண்ணத்தோடு, ஆஸ்திரேலிய எச்சரிக்கைப் படம் எதுவும் இல்லாமல் கொள்கலனில் வந்து இறங்குகிறது. எளிதாகப் போலி அடிக்கலாம் என்பதுதான் காரணமென்றால், கடத்தல்காரன் ஏன் அந்த எளிய வேலையைச் செய்யவில்லை?

அவனுடைய காரணம் விலையில் இருக்கிறது. 2012 இறுதியில் ஒரு சிகரெட்டுக்கு ஆஸ்திரேலியத் தீர்வை சுமார் 35 சென்ட். 2013 முதல் 2020 வரை ஆண்டுக்கு 12.5 சதவீதம் கூட்டினார்கள்; 2025-இல் அது 1 டாலர் 40 சென்ட்டைத் தொட்டது. இருபது சிகரெட் உள்ள பாக்கெட்டில் தீர்வை மட்டுமே 28 டாலர் என்றால், அதைக் கட்டாமல் சரக்கைக் கரைசேர்ப்பவனுக்கு ஒவ்வொரு பாக்கெட்டிலும் எவ்வளவு மிஞ்சும் என்று வியாபாரியான உங்கள் மைத்துனருக்கு விளக்க வேண்டியதில்லை. வரியைக் கூட்டியது தவறு என்று நான் சொல்லவில்லை. புகைப்பதைக் குறைக்க அதைவிட வலுவான கருவி கிடையாது. வரியைக் கூட்டும் அரசு, துறைமுகத்திலும் கடைத்தெருவிலும் காவலையும் அதே வேகத்தில் கூட்டியிருக்க வேண்டும். அதைச் செய்யாததுதான் குற்றம்.

பாக்கெட்டே இல்லாத சரக்கும் கடத்தப்படுகிறது. தூத்துக்குடி, மண்டபம் கரைகளிலிருந்து இலங்கையின் கற்பிட்டி, புத்தளம் பக்கம் படகில் போகும் பீடி இலை மூட்டைகள் பிடிபட்ட செய்தி நம் நாளிதழ்களில் அடிக்கடி வருகிறது. சணல் சாக்கில் கட்டிய காய்ந்த இலைக்குச் சின்னம் ஏது, வண்ணம் ஏது? இலங்கையில் அந்த இலைக்கு இறக்குமதித் தீர்வை அதிகம், கடலின் குறுக்களவு குறைவு. அந்த இரண்டும் போதுமாக இருக்கிறது.

இனி, நான் இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதிய, மறுபடியும் எழுதத் தயங்காத விஷயத்துக்கு வருகிறேன். கடத்தலைப் பற்றி ஊருக்குப் பாடம் சொல்லும் தகுதி இந்தக் கம்பெனிகளுக்கு எங்கிருந்து வந்தது? 1990-களின் தொடக்கத்தில் கனடா சிகரெட் வரியை உயர்த்தியது. உடனே கனடாவிலிருந்து அமெரிக்காவுக்கு சிகரெட் ஏற்றுமதி மளமளவென்று ஏறியது. அமெரிக்கர்கள் புகைப்பது வேறு கலவை; கனடா சிகரெட்டுக்கு அங்கே சொல்லும்படியான கிராக்கி கிடையாது. வரியில்லாமல் எல்லையைத் தாண்டிய அந்தச் சரக்கு, செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் இரு கரையிலும் விரிந்திருக்கும் அக்வெசாஸ்னே பூர்வகுடி நிலப்பகுதி வழியாகப் படகேறிக் கனடாவுக்கே திரும்பி வந்தது. தயாரித்தவர்களுக்கு அது எங்கே போய் எங்கே வருகிறது என்று தெரியும். கடத்தல் பெருகிவிட்டது, வரியைக் குறையுங்கள் என்று கூக்குரல் எழுந்து, 1994 பிப்ரவரியில் அரசு பணிந்து வரியைக் குறைத்தது. உண்மை நீதிமன்றத்துக்கு வர மேலும் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2008-இல் இம்பீரியல் டொபாக்கோ கனடா, ரோத்மன்ஸ் பென்சன் அண்ட் ஹெட்ஜஸ் ஆகிய இரண்டு கம்பெனிகளும் குற்றத்தை ஒப்புக்கொண்டன. அபராதமும் இழப்பீட்டுத் தொகையுமாகச் சேர்த்து 100 கோடி கனடிய டாலருக்கு மேல் கட்ட இசைந்தன. 2010-இல் ஜேடிஐ-மெக்டொனால்டும் அதே வரிசையில் வந்து நின்றது. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் மலிவு சிகரெட்டில் பழகிய பிள்ளைகளின் நுரையீரலுக்கு எந்த அபராதமும் ஈடாகாது.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியம் தொடுத்த கடத்தல் வழக்கை முடித்துக்கொள்ள, குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, பிலிப் மாரிஸ் 2004-இல் 125 கோடி டாலர் தரச் சம்மதித்தது. மற்ற பெரிய கம்பெனிகளும் 2007-இலும் 2010-இலும் ஒன்றியத்தோடு தனித்தனியாக ஒப்பந்தம் செய்துகொண்டன. இவையெல்லாம் வண்ணப் பாக்கெட் காலத்துக் கணக்குகள். அப்போது உலகில் எந்த நாட்டிலும் கரும்பழுப்புப் பாக்கெட் இல்லை.

உங்கள் மைத்துனரைப் போன்ற சிறுகடைக்காரர்களின் பெயரை இவர்கள் பயன்படுத்திய விதம் எனக்கு இன்னும் ஆறவில்லை. 2010-இல் ஆஸ்திரேலியாவில் திடீரென்று ஒரு சில்லறை வணிகர் கூட்டணி முளைத்து, தேர்தல் நேரத்தில் பாக்கெட் சட்டத்துக்கு எதிராக விளம்பரம் செய்தது. பணம் மூன்று சிகரெட் கம்பெனிகளிடமிருந்து வந்தது. பிறகு, கடத்தலின் அளவைக் கணக்கிட்ட ஆய்வறிக்கைகளுக்கும் அவர்கள்தான் பணம் கொடுத்தார்கள். அந்த ஆய்வுக்கு ஒரு முக்கிய ஆதாரம், தெருவில் எறியப்பட்ட காலிப் பாக்கெட்டுகளைப் பொறுக்கி எண்ணுவது. வெளிநாட்டு மாணவரும் சுற்றுலாப் பயணியும் சட்டப்படி கையோடு கொண்டுவந்து புகைத்த பாக்கெட்டும் அந்தக் குப்பையில்தான் கிடக்கும்.

நீதிமன்றங்களில் இவர்கள் வாதம் நிற்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 2012-இலும் இங்கிலாந்து நீதிமன்றம் 2016-இலும் கம்பெனிகளின் வழக்கைத் தள்ளின. உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டுக் குழுவும் 2020-இல் ஆஸ்திரேலியாவின் பக்கமே நின்றது. சட்டத்தின் பலனைப் பொறுத்தவரை, முதல் 34 மாதங்களில் புகைப்பவர் விகிதத்தில் ஏற்பட்ட குறைவில் ஏறக்குறைய கால் பங்கு பாக்கெட்டால் வந்தது என்று அரசின் ஆய்வு மதிப்பிட்டது. பாக்கெட்டின் வேலை அதுதான்: பிள்ளைகளின் கண்ணைக் கவராமல் இருப்பது. கொள்கலனைச் சோதிப்பது அதன் வேலை அல்ல.

அந்த வேலையைச் செய்ய வேண்டியவர்களிடம் கேளுங்கள். விக்டோரியா மாநிலத்தில் சிகரெட் விற்க உரிமம் வேண்டும் என்ற விதியே 2025 ஜூலையில்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை யார் வேண்டுமானாலும் கடை போட்டு விற்கலாம் என்று விட்டிருந்தார்கள். சட்டவிரோதப் புகையிலை வணிகத்தை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கை 2018 செப்டம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஒவ்வொரு பாக்கெட்டையும் குறியீட்டால் பின்தொடர வேண்டும் என்று சொல்லும் அந்த உடன்படிக்கை, அரசுகளுக்குரிய அந்தப் பொறுப்பைச் சிகரெட் கம்பெனிகளிடம் ஒப்படைக்கக் கூடாது என்றும் அதே விதியில் திட்டவட்டமாகச் சொல்கிறது.