பந்தல் பிரித்த மறுநாள் யார் வருவார்கள்?

கேள்வி: எங்கள் வீடு சென்னை கொருக்குப்பேட்டையில். வேலைக்குப் போகும் பையன்கள், கல்லூரிப் பெண்கள் என்று எங்கள் தெருவில் பதினெட்டு பேர் சேர்ந்திருக்கிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கால்வாய் ஓரத்தைச் சுத்தம் செய்து, பகலில் ரத்த தான முகாம், மாலையில் சிறுவர்களுக்குக் கேரம் போட்டி, இரவு கானா என்று நடத்த ஆசை. தெருவை அடைத்துப் பந்தல் போட வேண்டும். யாரிடம் அனுமதி வாங்குவது? வசூல் செய்யலாமா? சங்கமாகப் பதிய வேண்டுமா? போன பொங்கலுக்கு வசூல் கணக்கில் வாய்த்தகராறு ஆகிவிட்டது. அந்தப் பயமும் இருக்கிறது. (பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

பதில்: நான்கு வேலையையும் ஒரே நாளில் அடுக்காதீர்கள். காலையில் வெயிலில் குனிந்து குப்பை அள்ளியவரைப் பகலில் ரத்தம் கொடுக்கச் சொல்லக்கூடாது. ரத்தம் கொடுத்தவர் மாலையில் பெஞ்சு தூக்கக்கூடாது. மீதி எத்தனை பேர் நிற்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். நான்கையும் நான்கு மாதத்துக்குப் பிரித்துக்கொண்டால் பதினெட்டு பேரே தாராளம்.

கால்வாய் வேலையில்தான் நான் நன்றாகப் பட்டிருக்கிறேன். பல வருஷம் முன்பு வடசென்னையில் ஒரு கால்வாய்க் கரையில் நாற்பது பேர் இறங்கி, காலை முழுக்க அள்ளி, கரையில் மலைபோலக் குவித்தோம். படம் எடுத்தோம், பொங்கலும் வடையும் சாப்பிட்டோம், வீட்டுக்குப் போனோம். எடுத்துப்போக வண்டி வேண்டும் என்று யாரிடமும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. குப்பை நாலு நாள் அங்கேயே கிடந்தது. ஐந்தாம் நாள் மழை. அத்தனையும் திரும்பக் கால்வாய்க்குள்! கரையோர வீட்டு அம்மா ஒருவர், "தண்ணிக்குள்ள இருந்தப்ப நாத்தமாவது கம்மியா இருந்துச்சு" என்றார். அன்றிலிருந்து எந்த நிகழ்ச்சிக்கும் நான் முதலில் எழுதுவது மறுநாள் காலை யார் வருவார்கள் என்பதைத்தான்.

அதனால் தேதி குறிக்கும் முன் வார்டு துப்புரவு அலுவலரைப் பாருங்கள். கொருக்குப்பேட்டை மாநகராட்சியின் 4ஆம் மண்டலமான தண்டையார்பேட்டையில் வருகிறது. எத்தனை மூட்டை வரும், வண்டி எத்தனை மணிக்கு எந்த முனையில் நிற்கும் என்று பேசி, அதை மனுவிலும் எழுதிக் கொடுங்கள். அந்த இடம் யாருடையது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கிங்ஹாம் கால்வாய் நீர்வளத் துறையுடையது. தெருவோர மழைநீர் வடிகால் மாநகராட்சியுடையது. கழிவுநீர்க் குழாயும் அதன் மூடியும் குடிநீர் வாரியத்துடையவை. அந்த மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். விஷவாயு ஆளைக் கண நேரத்தில் சாய்த்துவிடும். உயிருக்கு ஆபத்தான அந்த வேலையில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. 

தண்ணீரில் இறங்கவும் வேண்டாம், கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கையுறையும் முட்டி வரை பூட்ஸும் இல்லாதவர் மூட்டை கட்டும் வேலைக்குப் போகட்டும். காலில் சின்னப் புண் இருந்தால்கூட அன்று வேண்டாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண் வழியாக ஏறினால் எலிக்காய்ச்சல் வரும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைச் சேர்க்காதீர்கள். எடுத்த பிறகு அதே இடத்தில் திரும்பக் குப்பை கொட்டுவார்கள், அதில் சந்தேகமே வேண்டாம். ஏன் கொட்டுகிறார்கள் என்று பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குப்பை வண்டி வரும் நேரத்தில் வீட்டில் ஆள் இருப்பதில்லை என்பதுதான் பதிலாக வரும். நேரத்தை மாற்றச் சொல்லி மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் செய்யுங்கள். அப்புறம் உங்கள் பகுதி சபைக் கூட்டத்திலும் (வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிக் குறைகளைச் சொல்லும் கூட்டம்) எழுப்புங்கள். சென்னையில் ஒரு வார்டுக்குப் பத்து பகுதி சபைகள் உண்டு. உங்கள் தெரு எதில் வருகிறது என்று கவுன்சிலர் அலுவலகத்தில் சொல்வார்கள். ஒரு நாள் துடைப்பம் பிடிப்பதைவிட இந்த அலைச்சலுக்குப் பலன் அதிகம் என்பது என் அனுபவம்.

ரத்த தான முகாமை நீங்கள் நடத்த முடியாது. உரிமம் பெற்ற ரத்த வங்கிதான் நடத்த முடியும். நீங்கள் இடமும் ஆளும் தருகிறீர்கள், அவ்வளவுதான். பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது, அங்குள்ள ரத்த வங்கியில் கேளுங்கள். நிழலும் மின்விசிறியும் கழிப்பறையும் உள்ள ஒரு கூடம் போதும், பந்தலே தேவையில்லை. கொடுப்பவருக்கு வயது 18 முதல் 65 வரை, எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5 இருக்க வேண்டும். ஒருமுறை கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் இடைவெளி விட வேண்டும். நம் பையன்களில் பலருக்குக் கையில் டாட்டூ இருக்கும். குத்தி ஓராண்டு ஆகாதவரை எடுக்க மாட்டார்கள், அதை முன்பே சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகவே சொல்கிறேன்: நம் பேட்டைகளில் பல பேருக்குச் சனிக்கிழமை கூலி நாள். ஞாயிறு காலை வருகிறவர்களில் சிலரை மூச்சுக்காற்றை வைத்தே திருப்பி அனுப்புவார்கள். ஞாயிறு வேண்டாம், விடுமுறையாக வரும் வேறு நாளாகப் பாருங்கள்.

சரி, அனுமதிக்கு வருவோம். நீங்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான், உண்மையில் இதுதான் சுலபம். தெருவை அடைப்பதற்கும் கூட்டம் கூட்டுவதற்கும் காவல் நிலையத்தில் மனு கொடுக்க வேண்டும். 1888ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டம், பொதுக்கூட்டத்துக்கும் ஊர்வலத்துக்கும் ஐந்து நாள் முன்பே விண்ணப்பிக்கச் சொல்கிறது. நீங்கள் பதினைந்து நாள் முன்பே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பந்தலுக்கு மண்டல அலுவலகத்தில் தனி மனு. சாலையில் குழி தோண்டிக் கால் நடக்கூடாது, மணல் நிரப்பிய டின்னில் நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் நுழைய ஒரு பக்கம் வழி விடுங்கள். மின்சாரத்தை ஒரு வீட்டிலிருந்து முறையாக எடுங்கள், தெருவிளக்குக் கம்பத்தில் கொக்கி போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நூறு பேருக்கு மேல் கூடினால் மூன்று வேலை நாளுக்கு முன்பே மாநகராட்சிக்குச் சொல்லி, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளில் வந்தது. பிளாஸ்டிக் கப், தட்டு, தண்ணீர் பாக்கெட் எல்லாம் 2019 ஜனவரி 1 முதல் தடை. கேன் தண்ணீரும் எவர்சில்வர் டம்ளரும் வையுங்கள். எண்ணூர், மணலிப் பக்கம் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் மாநகராட்சி சென்னைதான், ஆனால் காவல் நிலையம் ஆவடி ஆணையரகத்தின் கீழ் வருகிறது. மனுவில் முகவரியை மாற்றி எழுதி அலையாதீர்கள்.

கானாவுக்கு ஒலிபெருக்கி வைத்தால் அதற்கும் எழுத்து அனுமதி வேண்டும். இரவு 10 மணிக்கு நிறுத்தியாக வேண்டும், பாட்டு பாதியில் இருந்தாலும். மருத்துவமனை, பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். மார்ச்சில் வைக்காதீர்கள், பிளஸ் டூ பிள்ளை உள்ள ஒரு வீட்டுக்காரர் வந்து கத்தினால் நியாயம் அவர் பக்கம்தான். மேடையும் வேண்டாம் என்பேன். மேடை இருந்தால் நாற்காலி, நாற்காலி இருந்தால் யார் நடுவில் உட்காருவது, பொன்னாடை யாருக்கு முதலில் என்று வரும். கவுன்சிலரை அழையுங்கள், எதிர்க்கட்சிக்காரரையும் அழையுங்கள். எல்லாரும் தரையில் ஜமக்காளத்தில் உட்கார்ந்து கானா கேட்கட்டும். பானையும் டோலக்கும் அடிப்பவருக்கும் அதுதான் வசதி.

சங்கமாகப் பதிய 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் போதும். உறுப்பினர் இருபது பேரைத் தொட்டாலும், ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயைத் தொட்டாலும் பதிவு கட்டாயம். பந்தல், ஒலிபெருக்கி என்று நீங்கள் போடும் கணக்கில் ஒரே மாதத்தில் அதைத் தாண்டிவிடுவீர்கள். தொடர்ந்து செய்கிற எண்ணம் இருந்தால் பதிந்துவிடுங்கள். பதிந்தால் சங்கத்தின் பெயரிலேயே வங்கிக் கணக்கு திறக்கலாம். ஒருவருடைய சொந்த ஜீபே எண்ணுக்குப் பணம் வாங்குவதுதான் பாதிச் சண்டைக்குக் காரணம். நல்லவராகவே இருப்பார், ஆனால் அவர் சம்பளமும் தெருக் காசும் ஒரே கணக்கில் கிடந்தால் அவருக்கே குழம்பும். எண் போட்ட ரசீது புத்தகமும் வசூலுக்கு எப்போதும் இருவரும் இருக்கட்டும். முடிந்தவரை காசாக வாங்காமல் பொருளாகக் கேளுங்கள்: ஒரு கடை பத்து கேன் தண்ணீர், இன்னொருவர் பரிசுக்கு டிபன் பாக்ஸ். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டை நம்பிப் பிழைக்கும் வீடுகளில் அந்த இரண்டு மாதமும் ரசீதை நீட்டாதீர்கள், ஆளாக வந்து உதவச் சொல்லுங்கள்.

எதில் தொடங்குவது என்றால் கேரத்தில். 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பை கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமா, உங்கள் பக்கத்துப் புதுவண்ணாரப்பேட்டைப் பெண்தான். அப்பா ஆட்டோ ஓட்டுபவர். இரண்டு போர்டு, பவுடர், ஸ்ட்ரைக்கர், ஒரு விளக்கு. தெருவை அடைக்க வேண்டாம், ஒரு வீட்டுத் திண்ணையோ மாடியோ போதும். வாராவாரம் ஒரே நாள், ஒரே நேரம் நடத்துங்கள். பெண் பிள்ளைகளுக்கு ஒரு போர்டு தனியாக ஒதுக்குங்கள், இல்லாவிட்டால் பையன்கள் எழுந்திருக்கவே மாட்டார்கள். இரண்டு மாதம் இது தடங்கலில்லாமல் நடந்தால் அடுத்த வேலைக்கு யார் யார் நிற்பார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கும் முன்னால், போன பொங்கல் கணக்கு. வரவு, செலவு, மீதி என்று ஒரு தாளில் எழுதி டீக்கடைச் சுவரில் ஒட்டுங்கள். ஐந்நூறோ ஆயிரமோ உதைத்தால் உதைக்கிறது என்றே எழுதுங்கள், ஈடுகட்டி மறைக்க வேண்டாம். நாலு பேர் நின்று படிப்பார்கள், ஒருவர் சத்தம் போடுவார். போடட்டும். அந்தத் தாள் ஒரு வாரம் சுவரில் இருந்த பிறகு புது ரசீது புத்தகத்தை அச்சடிக்கக் கொடுங்கள்.